காடு சொல்லும் சாட்சி



வன்னிப் பெருநிலத்துக் கிராமங்களிலும் கிழக்கிலங்கையின் காட்டோரக் குடியிருப்புகளிலும் வாழ்பவர்களுக்குக் கட்டுத்துவக்கு என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. மற்றையோருக்காகச் சொல்லுகின்றேன். விலங்கு நடமாடும் ஒற்றையடிப் பாதையொன்றைத் தெரிந்தெடுத்து, அதன் ஓரத்தில் துவக்கொன்றைக் கட்டிவைத்து, அதன் விசையோடு பிணைத்த மெல்லிய கம்பியைப் பாதைக்குக் குறுக்கே இழுத்து விடுவார்கள். இரவில் அவ்வழியே வரும் பன்றியோ மரையோ அக்கம்பியில் இடறும், துவக்கு வெடிக்கும். அதனை வைத்தவன் அப்போது வீட்டிலே உறங்கிக்கொண்டிருப்பான். சட்டம் இதனைத் தடைசெய்திருக்கின்றது. ஆயினும் விறகுக்கும் தேனுக்கும் சென்ற மனிதர் பலர் இதனாற் கால் இழந்திருக்கின்றனர், உயிரிழந்தவர்களும் உளர்.

இன்று நான் பேசவிருப்பது இக்கட்டுத்துவக்கின் உடன்பிறப்பு ஒன்றைப்பற்றி. அதே பாதை, அதே கம்பி, அதே இரவு, அதே விலங்கு. துவக்கு இருந்த இடத்தில் மட்டும் ஒரு கமரா இருக்கின்றது. விலங்கு இடறியதும் ஒளி பளிச்சிடுகின்றது, படம் பதிகின்றது, விலங்கு தன் வழியே போய்விடுகின்றது. இதனைக் கமராப் பொறி என்பர். மரக்கிளையிற் கட்டிவிடப்பட்டு இரவும் பகலும் காட்டின் ஓசைகளைப் பதியும் ஒலிப்பதிவுக் கருவி இதற்கு இளைய தங்கை. வேட்டைக்காரனின் கையிலிருந்த உபாயம் எவ்வாறு அறிஞனின் கைக்கு வந்தது, அவ்வாறு வந்ததனால் விளைந்த பயன் யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கதை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தொடங்குகின்றது. பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர் ஒரு வழக்கறிஞர். 1903 முதல் 1905 வரை அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தவர். இளமையில் அவர் தீராத வேட்டைப் பிரியர். மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரைக் காடுகளில், ஒஜிப்வே என்னும் பழங்குடியினரிடமிருந்து அவர் ஓர் இரவு வேட்டை முறையைக் கற்றுக்கொண்டார். தோணியின் முன்னணியத்தில் ஒரு விளக்கை ஏற்றி, ஓசையின்றித் துடுப்பு வலித்துச் செல்வார்கள். நீர் பருக வந்த மான் அவ்வொளியைக் கண்டு திகைத்து நிற்கும். இருளில் அதன் இரு கண்களும் தணல்போல ஒளிரும். அக்கண்களுக்கு நடுவே குறிவைத்துச் சுடுவதே வழக்கம்.

ஷைராஸ் 1880களின் பிற்பகுதியிலே துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கமராவைக் கையிலெடுத்தார். தோணியும் விளக்கும் மானின் திகைப்பும் மாறவில்லை. வெடிமருந்துக்குப் பதிலாக மக்னீசியப் பொடி வெடித்து ஒளி தந்தது. பின்னர் அவர் தோணியையும் விட்டு, விலங்கின் பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டி, விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளுமாறு செய்தார். இதுவே முதற் கமராப் பொறி. அவருடைய படங்களுக்கு 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியிலே தங்கப்பதக்கம் கிடைத்தது. 1906ஆம் ஆண்டு யூலை மாதத்து 'நசனல் ஜியோகிரபிக்' இதழ் அவருடைய 74 படங்களை ஒருங்கே வெளியிட்டது. புவியியற் கழகத்தின் ஏடு பொம்மைப் புத்தகமாகிவிட்டதென்று சினந்து ஆட்சிக்குழு உறுப்பினர் இருவர் பதவி துறந்தனராம். வாசகரோ அப்படங்களை ஆவலோடு வரவேற்றனர். இரவில் மான் எவ்வாறு வாழ்கின்றது என்பதை அதற்குமுன் கண்டவர் யார்?

ஷைராஸ் காட்டின் அழகைக் காட்டினார். அதனைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தலாம் என்பதை உணர்த்தியவர் வேறொருவர். நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பறவைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த பிராங்க் சப்மன், பனாமாக் கால்வாய்க்கென ஆறு மறிக்கப்பட்டபோது நீர்சூழ்ந்து தீவாகிய பரோ கொலராடோ என்னும் மலைக்காட்டிலே கம்பி கட்டிக் கமராக்களை வைத்தார். 1927இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு வினா: 'எங்கள் தடங்களில் நடப்பவர் யார்?' பூமா என்னும் பெரும்பூனையும் ஒசெலொட் என்னும் புள்ளிப்பூனையும் அவ்வினாவுக்கு விடையாகப் படத்திலே வந்து நின்றன. ஒரு காட்டில் எவ்வெவ் விலங்குகள் உள்ளன என்பதை ஒன்றையும் கொல்லாமல் அறியலாம் என்பது அன்று தெளிவாயிற்று.

அதே 1927ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்தும் ஒரு நூல் வெளிவந்தது. ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியாகிய எப். டபிள்யூ. சம்பியன் எழுதிய 'புலிநாட்டில் ஒரு கமராவுடன்' என்பதே அது. யானைமீதேறிப் புலியைச் சுட்டு, அதன் உடல்மேற் கால்வைத்துப் படமெடுத்துக்கொள்வது பெருமையெனக் கருதப்பட்ட காலத்திலே, சம்பியன் இமயத்தின் அடிவாரக் காடுகளில் உயிரோடு உலாவும் புலிகளைப் பொறிகளாற் படமெடுத்தார். வேட்டையிலே புகழ்பெற்ற ஜிம் கோர்பெற் அவருடைய படங்களைக் கண்டு தாமும் கமராவை நாடினார். அப்படங்கள் மற்றோர் உண்மையையும் காட்டின. ஒரு புலியின் உடலிலுள்ள கோடுகள் மற்றொரு புலியின் கோடுகளை ஒத்திருப்பதில்லை. மனிதனுக்குக் கைரேகை எவ்வாறோ, புலிக்கு வரி அவ்வாறு. நமது நாட்டுச் சிறுத்தையின் புள்ளிகளும் இத்தகையனவே. ஆயினும் இவ்வுண்மையைக் கணிதத்தோடு இணைத்து எண்ணுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அவ்வறுபது ஆண்டுகளும் புலியை எவ்வாறு எண்ணினார்கள் என்று கேட்பீர்கள். ஈரமண்ணிற் பதிந்த அடிச்சுவட்டின்மேற் கண்ணாடித் தகட்டை வைத்து அதன் வடிவை வரைந்தெடுப்பார்கள். ஒவ்வொரு புலியின் அடியையும் பிரித்தறிய முடியும் என்பது நம்பிக்கை. இந்தியா 1972இல் எடுத்த கணக்கிலே 1827 புலிகள் எனக் கண்டு, மறு ஆண்டே புலிகளைக் காக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. எண்ணிக்கை வளர்ந்தது. 2002இல் 3642 என்றார்கள். ஆனால் ஒரே புலியின் அடி, மணலில் ஒருவிதமாகவும் சேற்றில் வேறுவிதமாகவும் பதியும். நடந்தபோது ஒருவிதம், ஓடியபோது ஒருவிதம். வரைபவரின் கைக்கேற்பவும் வடிவு மாறும். மேலும், தம் பொறுப்பிலுள்ள காட்டிற் புலி குறைந்துவிட்டதென்று மேலிடத்துக்கு எழுத எந்த அலுவலரின் பேனா எளிதில் இசையும்?

இதன் விலை இராசத்தானத்திலுள்ள சரிஸ்கா காட்டிலே தெரியவந்தது. அங்கே பதினைந்துக்கு மேற்பட்ட புலிகள் உள்ளனவென ஏடுகள் கூறிக்கொண்டிருந்தன. 2004ஆம் ஆண்டிலே புலியைக் கண்டவரில்லை. 2005இல் விசாரணை நடந்தபோது ஒரு புலிகூட அக்காட்டில் மிஞ்சவில்லை என்பது உறுதியாயிற்று. கள்ளவேட்டைக்காரர் ஒவ்வொன்றாகக் கொன்று முடித்திருந்தனர். காட்டிற் புலிகள் மாண்டுகொண்டிருந்தன. ஏட்டிலே அவை வாழ்ந்துகொண்டிருந்தன. பொய்க் கணக்கு, கள்ளவேட்டைக்காரனின் குண்டுக்குச் சற்றும் குறைந்த தீங்கன்று என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி நிலைநாட்டியது.

மாற்று வழி அதற்குமுன்பே ஆயத்தமாக இருந்தது. கன்னட எழுத்தாளர் சிவராம கரந்தின் மகனாகிய உல்லாஸ் கரந்த், கருநாடகத்து நாகரகொளைக் காட்டிலே கமராப் பொறிகளை வைத்து, 1995இல் தம் ஆய்வை வெளியிட்டார். பின்னர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் நிக்கல்சும் அவருடன் இணைந்தார். அவர்கள் கையாண்ட கணிதம் டென்மார்க் நாட்டு மீனியல் அறிஞர் பீற்றர்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே காட்டிய வழி. அதனை நமக்குப் பழக்கமான ஒரு குளத்தைக் கொண்டு விளக்கலாம். குளத்தில் எத்தனை மீன் என்று அறியவேண்டும். நீரை இறைத்துப் பார்க்க இயலாது. முதல்நாள் 50 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு மீண்டும் குளத்திலே விடுகின்றோம். சில நாள் கழித்து 40 மீன்களைப் பிடிக்கின்றோம். அவற்றுள் 10 மீன்களில் நம் அடையாளம் இருக்கின்றது. பிடித்தவற்றில் நாலில் ஒரு பங்கு அடையாளமுள்ளது. ஆகவே நாம் அடையாளமிட்ட 50 மீன்களும் குளத்து மீன்களின் நாலிலொரு பங்காதல் வேண்டும். குளத்தில் ஏறக்குறைய 200 மீன்கள் என்பது கணக்கு. புலிக்கு நாம் அடையாளமிட வேண்டியதில்லை, இயற்கையே இட்டிருக்கின்றது. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறுபடுமாதலால், பாதையின் இருமருங்கிலும் எதிரெதிராக இரண்டு கமராக்களை வைப்பார்கள். இம்முறையின் சிறப்பு, நாம் காணாத விலங்குகளையும் கணக்கிலே சேர்த்துக்கொள்வது. 'எத்தனை கண்டேன்' என்பதோடு நில்லாது, 'எத்தனையைக் காணத் தவறினேன்' என்றும் தன்னையே கேட்டுக்கொள்ளும் நேர்மை அதனிடம் உண்டு.

சரிஸ்காவின் அதிர்ச்சிக்குப் பின்னர் இந்தியா அடிச்சுவட்டுக் கணக்கைக் கைவிட்டது. புதிய முறையில் 2006இல் எடுத்த கணக்கு 1411 என்றது. முன்னைய எண்ணிற் பாதியும் இல்லை. இரண்டு எண்களும் வெவ்வேறு முறையால் வந்தவையாதலால் இடைப்பட்ட அத்தனை புலிகளும் நான்கு ஆண்டுகளில் மாண்டன என்று கொள்ளுதல் தவறு. ஆனால் கசப்பான அந்த எண்ணை மறைக்காமல் வெளியிட்டதிலிருந்துதான் மீட்சி தொடங்கியது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 26,838 இடங்களிற் கமராக்கள் வைக்கப்பட்டன. மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைந்த படங்கள் கிடைத்தன. அவற்றுள் 76,651 படங்கள் புலியினுடையவை. அவ்வாண்டுக் கணக்கு 2967 புலிகள். கம்பியும் மக்னீசியப் பொடியும் மறைந்துவிட்டன. உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து, படமெடுக்கும் சிறு பெட்டிகளே இன்று காட்டிலிருப்பவை.

இங்கே ஒரு தடையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. கமரா விலங்கை மட்டும் காண்பதில்லை. கோர்பெற்றின் பெயரால் விளங்கும் புலிக்காப்பகத்தை ஒட்டிய கிராமங்களைப்பற்றி 2024இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. விறகும் புல்லும் சேர்க்கக் காட்டுக்குட் செல்லும் அக்கிராமத்துப் பெண்கள், யானையும் புலியும் விலகிப்போகும்படி பாடிக்கொண்டும் உரத்துப் பேசிக்கொண்டும் நடப்பது வழக்கம். கமராக்கள் வந்தபின் எவனோ தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் அச்சத்தால் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். அதனால் விலங்கை எதிர்ப்படும் ஆபத்து அதிகரித்தது. புலியைக் காக்க வைத்த கண், ஏழைப் பெண்ணின் பாட்டை நிறுத்துமாயின், அக்கண்ணை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதை அவளிடமும் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

கண்ணைப்பற்றிப் பேசினோம். இனிக் காதின் கதைக்கு வருவோம். வானொலி நேயர்களுக்கு இதுவே நெருங்கிய கதை.

1889ஆம் ஆண்டு, ஜேர்மனியின் பிராங்பேட் நகரிலே லுட்விக் கோச் என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்கு அவனுடைய தந்தையார் எடிசனின் ஒலிப்பதிவுப் பொறியொன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். சிறுவன் தான் கூண்டில் வளர்த்த ஒரு பறவையின் பாட்டை மெழுகு உருளையிலே பதிந்தான். இன்று எஞ்சியிருக்கும் பறவைக்குரற் பதிவுகளுள் அதுவே மிகப் பழையது. அந்தப் பறவை யாது தெரியுமா? இந்தியாவிலும் நமது இலங்கையின் காடுகளிலும் வாழ்கின்ற சோலைப்பாடி. கோச் பின்னர் 1936இல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்து, பி.பி.சி. வானொலி மூலம் அந்நாட்டு மக்களுக்குத் தம் நாட்டுப் பறவைகளையே அறிமுகஞ் செய்துவைத்தார்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1935இல், அமெரிக்கக் கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஆதர் அலனும் பீற்றர் போல் கெலொக்கும் ஒலிப்பதிவுச் சாதனங்களோடு லூசியானா மாநிலத்துச் சதுப்புக் காடொன்றுக்குச் சென்றனர். மோட்டார் வண்டி செல்லமுடியாத சேற்றிலே, கருவிகளைக் கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் தேடியது தந்தநிற அலகுள்ள பெருமரங்கொத்தியை. அதன் கூடருகே தங்கி, சிறுபிள்ளையின் ஊதுகுழல்போன்ற அதன் குரலைப் பதிந்தனர். நம் வீடுகளிலுள்ள தையல் இயந்திரத்தின் பெயர் கொண்ட நிறுவனத்துக்கு உரியதாக இருந்தமையால் அக்காடு 'சிங்கர் நிலம்' எனப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் மரங்கள் தறிக்கப்பட்டன. 1944இல் அங்கே ஒரு தனிப்பேடு காணப்பட்டது. அதற்குப் பின் எல்லோரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட காட்சி எதுவும் இல்லை. 2005ஆம் ஆண்டளவில் ஆர்க்கன்சோ மாநிலத்துக் காடுகளிலே அப்பறவை இருக்கலாமென்று தானியங்கும் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பரப்பி, பல்லாயிரம் மணி நேர ஓசைகளிலே 1935ஆம் ஆண்டின் குரலை ஒத்த குரலைத் தேடினர். முடிவான சான்று கிடைக்கவில்லை. குரல் இருக்கின்றது, குரலுக்குரிய பறவை இல்லை.

மனிதச் செவிக்கு எட்டாத குரல்களும் உண்டு. 1984இல் கேற்றி பெயின் என்னும் அம்மையார் ஒறிகன் மாநிலத்து விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்று மெல்ல அதிர்வதுபோல உணர்ந்தார். ஓசை எதுவும் கேட்கவில்லை. சிறுவயதிலே தேவாலயத்தில் ஓர்கன் வாத்தியத்தின் அடித்தொனி எழும்போது நெஞ்சிலே உணர்ந்த அதிர்வு அவர் நினைவுக்கு வந்தது. கருவிகொண்டு பதிந்து, வேகத்தைக் கூட்டிக் கேட்டபோது, யானைகள் நம் செவிக்குக் கீழான தொனியிலே உரையாடுவது வெளிப்பட்டது. அவருடைய வழியிலே நடப்போர் இன்று மத்திய ஆபிரிக்காவின் மழைக்காடுகளிலே கருவிகளைக் கட்டிவைத்து, மரச்செறிவினாற் கண்ணுக்குப் படாத யானைகளைக் குரல்கொண்டு எண்ணுகின்றனர். அக்கருவிகள் கள்ளவேட்டைக்காரனின் துவக்குச் சத்தத்தையும் பதிகின்றன. துவக்கின் இடத்துக்கு வந்த பொறியின் தங்கை, இன்று அத்துவக்குக்கு எதிராகவே சாட்சி சொல்லுகின்றாள்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு, கித்துல்கலைக் காட்டிலே ஓரிரவு, பறவைக்குரற் பதிவிலே தேர்ந்தவரான தீபால் வரக்காகொட ஒரு சிறு குரலைக் கேட்டார். அவர் அறிந்த எந்தப் பறவையின் குரலும் அதுவன்று. குரலைப் பதிந்தார், ஒப்பிட்டார், ஆறு ஆண்டுகள் தேடினார். 2001ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே சிங்கராஜ வனத்தில் அக்குரலுக்குரிய பறவையைக் கண்டார். செந்நிறங்கொண்ட ஒரு சிற்றாந்தை. அறிவுலகம் அதுவரை அறியாத இனம். இலங்கையிலே புதிய பறவையினமொன்று கண்டுபிடிக்கப்பட்டது நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னராகும். 2004இல் அவரும் பமெலா ராஸ்முசென் அம்மையாரும் அதனை முறைப்படி விவரித்து, தீலோ ஹொவ்மனின் பெயரை அதற்கு இட்டனர்.

ஏன் அந்தப் பெயர்? 1970களிலே சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரந்தறிக்கும் வேலை தொடங்கியபோது, அதனை எதிர்த்து ஓயாது குரல் கொடுத்தவர்களுள் முன்னின்றவர் ஹொவ்மன். 1977இல் தறிப்பு நிறுத்தப்பட்டது. 1988இல் சிங்கராஜம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அவர் போராடிய காலத்திலே அக்காட்டினுள் அப்படியோர் ஆந்தை இருப்பதை அவரும் அறியார், பிறரும் அறியார். லூசியானாவிலே காடு போயிற்று, குரல் மட்டும் எஞ்சியது. சிங்கராஜத்திலே காடு நின்றது. ஆகவே குரல் நம்மைப் பறவையிடம் அழைத்துச் சென்றது. இவ்விரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கருவி இரண்டிடத்தும் தன் கடமையைச் செய்தது. வேறுபாட்டை உண்டாக்கியவர் மனிதரே.

இறுதியாக ஒன்று. 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே நமது மலைநாட்டில் வனசீவராசிகள் திணைக்களத்தினர் வைத்த கமராக்களிலே ஒரு கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. அரிதிலும் அரிதான காட்சி. நாடு முழுவதும் அதனைக் கண்டு வியந்தது. சில மாதங்களே சென்றன. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே நல்லதண்ணியில் ஒரு தோட்டத்திலே, பன்றிக்கோ வேறெதற்கோ வைத்த கம்பிச் சுருக்கிலே ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் அது பிழைக்கவில்லை.

ஒரே மலைநாட்டிலே, சிறுத்தை நடக்கும் பாதையில் ஒருவர் கமரா வைக்கின்றார். மற்றொருவர் சுருக்கு வைக்கின்றார். சுருக்கு வைப்பவரும் பெரும்பாலும் கொடியவரல்லர். தம் மரக்கறிப் பாத்தியைப் பன்றியிடமிருந்து காக்க வழிதேடும் வறியவர். அவருக்கு வேறு வழி காட்டுவது நமது பொறுப்பு. காடு இன்று வாய்திறந்து சாட்சி சொல்லுகின்றது. எத்தனை உயிர் தன்னிடம் உண்டென்றும், எது குறைகின்றதென்றும், எங்கே துவக்கு வெடித்ததென்றும் கூறுகின்றது. அதனைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் நாமே. ஷைராஸ் துவக்கைக் கீழே வைத்தது தாமாக. எந்தக் கருவியும் அவரை அவ்வாறு செய்விக்கவில்லை. அந்த மனமாற்றத்தையே இக்கருவிகளின் முதல் வரலாறாக நான் கருதுகின்றேன் என்று கூறி அமைகின்றேன்.